ஆன்லைன்ல வித்த பொருளுக்கு வாங்கினவர் தகராறு பண்ணா என்ன செய்யலாம்

பழைய கேமரா லென்ஸ் ஒண்ணை ஆன்லைன்ல வித்திருக்கீங்க, பார்சல் போய்ச் சேர்ந்து நாலஞ்சு நாள் கழிச்சு வாங்கினவர் "உள்ள ஃபங்கஸ் இருக்கு, பாதிக் காசைத் திருப்பிக் குடுங்க, லென்ஸை நானே வச்சுக்கறேன், இல்லன்னா ஒரு ஸ்டார்தான் போடுவேன்"னு மெசேஜ் அனுப்பியிருக்கார். நான் அனுப்பறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப இவரை பிளாக் பண்ணிடட்டுமா இல்ல தொல்லை விட்டாப் போதும்னு காசைக் குடுத்துடட்டுமான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுமே வேண்டாம். கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இதுல அவசரப்பட்டு பண்ற ஒரு சின்ன காரியம் பின்னாடி மொத்த கேஸையும் உங்களுக்கு எதிரா திருப்பி விட்டுடும்.

முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது, நீங்க இப்ப எழுதப் போற ஒவ்வொரு வரியையும் வாங்கினவர் மட்டும் படிக்கப் போறதில்ல. பேசி முடியலன்னா விவகாரம் சைட்காரங்க கைக்கோ பேமெண்ட் கம்பெனி கைக்கோ கார்டு குடுத்த பேங்க் கைக்கோ போகும், அங்க முடிவு சொல்றவர் உங்க லென்ஸைக் கையில எடுத்துப் பார்க்கப் போறதில்ல, அவருக்கு உங்களையும் தெரியாது வாங்கினவரையும் தெரியாது, அவர் முன்னாடி இருக்கறது உங்க லிஸ்டிங், ஃபோட்டோ, ட்ராக்கிங், அப்புறம் நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதின மெசேஜ், அவ்வளவுதான். அதனால வாங்கினவருக்குப் பதில் எழுதறப்பவே அந்த மூணாவது ஆளுக்கும் சேர்த்து எழுதுங்க. "உங்களை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்"னு ஒரு வரி போட்டுட்டா நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் படிக்கறவருக்கு ரெண்டு பேர் சண்டை போடறதுதான் தெரியும், யார் மேல தப்புங்கறது தெரியாது. நிதானமா, தேதியோட, ஃபோட்டோவோட எழுதின ஆள் பக்கம்தான் முடிவு சாயும்.

இதே காரணத்துக்காகத்தான் பேச்சு முழுக்க சைட்டோட மெசேஜ் பாக்ஸ்லயே இருக்கணும். "வாட்ஸ்அப்ல வாங்க, ஃபோன்ல பேசிக்கலாம்"னு கூப்பிட்டா போகாதீங்க. நல்ல எண்ணத்தோட கூப்பிடறவங்களும் உண்டு, ஆனா ஃபோன்ல அவர் என்ன மிரட்டினாலும் நீங்க என்ன ஒத்துக்கிட்டாலும் கேஸ் பார்க்கறவருக்கு அது நடக்கவே இல்லாத மாதிரிதான். "எழுத்துல இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது, இங்கயே பேசுவோம்"னு மரியாதையா சொன்னாப் போதும்.

இப்ப உங்க ஆள் எந்த ரகம்னு பார்க்கணும். தகராறு பண்றவங்க எல்லாரும் ஏமாத்தறவங்க இல்ல, நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலானவங்க பயந்துபோனவங்க. முகம் தெரியாத ஒருத்தருக்கு முன்கூட்டியே காசைக் குடுத்துட்டு பார்சலைப் பிரிச்சவுடனே ஏதோ ஒண்ணு நினைச்ச மாதிரி இல்ல, உடனே ஏமாந்துட்டோமோன்னு நெஞ்சு அடிச்சுக்குது, அதுல வர்ற முதல் மெசேஜ் கடுமையாத்தான் இருக்கும். அந்தக் கடுமையை அப்படியே விட்டுட்டு விஷயத்துக்கு மட்டும் பதில் சொன்னா ரெண்டாவது மெசேஜே வேற தொனியில வரும். இன்னொரு ரகம், வாங்கறப்ப பேரம் பேசாம விட்டதை பொருள் கைக்கு வந்தப்புறம் பேசறவங்க. மூணாவதுதான் நெசமாவே ஏமாத்தறவங்க, தன்கிட்ட இருக்கற கெட்டுப்போன ஒண்ணைத் திருப்பி அனுப்பிட்டு உங்க நல்லதை வச்சுக்கறது, காலி டப்பாவைத் திருப்பி அனுப்பறது இதெல்லாம்.

இவங்களை எப்படி பிரிச்சுப் பார்க்கறதுன்னா, என்ன கேட்கறாங்கன்னு கவனிங்க. பொருள்ல நெசமாவே குறை இருக்கறவர் பொதுவா "எடுத்துக்கிட்டு காசைக் குடுங்க"ன்னு கேட்பார், இல்லன்னா சரி பண்ண வழி கேட்பார். பொருள் எனக்கு வேணும், ஆனா காசும் பாதி வேணும், ஃபோட்டோ கேட்டா இழுத்தடிப்பேன், இப்பவே முடிவு சொல்லுன்னு அவசரப்படுத்தறவர்கிட்ட கொஞ்சம் உஷாரா இருக்கணும். அதுக்காக பகுதிப் பணம் கேட்டாலே திருடன்னு முடிவு கட்டக் கூடாது, திருப்பி அனுப்பற செலவே பொருளோட மதிப்புல பெரிய பங்கா இருந்தா நேர்மையான ஆளும் அதைத்தான் கேட்பார்.

லென்ஸ் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், ஏன்னா உங்க தகராறோட பாதி இங்கதான் இருக்கு. பழைய லென்ஸ்ல உள்ள தூசி இல்லாம இருக்கவே இருக்காது, சாதாரண வெளிச்சத்துல தெரியாது, பின்பக்கத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தா மட்டும் புள்ளி புள்ளியா பளிச்சுனு தெரியும், எடுக்கற படத்துல அதனால பெருசா ஒண்ணும் ஆகாது. ஃபங்கஸ் அப்படி இல்ல, கண்ணாடி மேல சிலந்தி வலை மாதிரி நூல் நூலா கிளை விட்டுப் படர்ந்திருக்கும், ஓரத்துல இருந்து உள்ளே பரவும், நாளானா கண்ணாடியோட கோட்டிங்கையே அரிச்சுடும். இதுக்கு நடுவுல ஹேஸ்னு ஒண்ணு இருக்கு, மொத்த கண்ணாடியும் லேசா பனி மூடின மாதிரி மங்கலா இருக்கும், வெளிச்சத்துக்கு எதிர்ல எடுத்தா படம் வெளிறிப் போகும். முதல் தடவையா பழைய லென்ஸ் வாங்கறவர் டார்ச் அடிச்சுப் பார்த்து தூசியைப் பார்த்தே ஃபங்கஸ்னு பதறிப் போறது சகஜம். அதே சமயம், நீங்களும் டார்ச் அடிக்காம ஜன்னல் வெளிச்சத்துல பார்த்துட்டு நல்லா இருக்குன்னு போட்டிருந்தா அவர் சொல்றது உண்மையாவும் இருக்கலாம், இதையும் மனசுல ஒரு ஓரத்துல வச்சுக்கிட்டே பதில் எழுதுங்க.

அதனால அனுப்ப வேண்டிய முதல் மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்: "வணக்கம் சார், லென்ஸ் நீங்க எதிர்பார்த்த மாதிரி இல்லன்னு தெரிஞ்சு வருத்தமா இருக்கு. அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துவாரத்தை, முழுசா திறந்து வச்சு பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு ரெண்டு ஃபோட்டோ, முன் வளையத்துல இருக்கற சீரியல் நம்பர் தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ அனுப்புங்க. பார்த்துட்டு நாளைக்குள்ள பதில் சொல்றேன். குறை இருந்துச்சுன்னா லென்ஸைத் திருப்பி எடுத்துக்கிட்டு முழுப் பணமும் தர்றேன்." அவ்வளவுதான். இதுல ஒரு ஸ்டார் மிரட்டல் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல பாருங்க, வேணும்னேதான் விட்டிருக்கேன். சீரியல் நம்பர் கேட்கறது சந்தேகப்படறதா தோணாது, ஆனா நீங்க அனுப்பின லென்ஸ்தானான்னு அதுலயே தெரிஞ்சுடும். முழுப் பணமும் தர்றேன்னு சொன்னவுடனே பயந்துபோன ஆளுக்கு நிம்மதி வந்துடும், பேரம் பேச வந்தவருக்கு பேரம் பேச இடம் இருக்காது, லென்ஸ் வேணும்னா வச்சுக்கணும், வேண்டாம்னா திருப்பி அனுப்பணும், நடுவுல ஒண்ணும் இல்ல.

நம்ம ஆளுங்க நிறைய பேர் தயங்கற இடம் இதுதான், திருப்பி வாங்கிட்டா தோத்துட்ட மாதிரி நினைக்கறாங்க. லிஸ்டிங்லயே ரிட்டர்ன் கிடையாதுன்னு போட்டிருக்கேனேன்னு கேட்பாங்க. வாங்கினவர் மனசு மாறினதுக்கு வேணும்னா அந்த வரி உதவும். ஆனா ஈபே மாதிரி சைட்ல, விவரிச்ச மாதிரி பொருள் இல்லன்னு வாங்கினவர் ரிட்டர்ன் திறந்தா ரிட்டர்ன் கிடையாதுன்னு நீங்க எழுதினது அங்க செல்லாது, அவங்களோட மனி பேக் கேரண்டிதான் செல்லும், திருப்பி அனுப்பற செலவும் விக்கறவர் தலையிலதான் வரும். ரிக்வெஸ்ட் வந்து 3 வேலை நாளுக்குள்ள நீங்க பதில் சொல்லணும், சொல்லலன்னா வாங்கினவர் ஈபேயையே உள்ள கூப்பிடலாம், அப்படிப் போனா பதிலே சொல்லாத ஆள் பக்கம் முடிவு போறது ரொம்ப அபூர்வம். அதனாலதான் பிளாக் பண்ணிட்டு சும்மா இருக்காதீங்கன்னு சொன்னேன், நீங்க பேசலன்னாலும் கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சட்டப்படி பார்த்தாலும் இடத்துக்கு இடம் மாறும், ஐரோப்பிய யூனியன்ல வியாபாரமா விக்கறவங்ககிட்ட ஆன்லைன்ல வாங்கின பெரும்பாலான பொருளை 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பித் தரலாம், ஆனா தனி ஆள் ஒருத்தர் வீட்டுல சும்மா கிடந்த பொருளை விக்கறதுக்கு அந்த விதி பொருந்தாது. நீங்க எந்த வகைன்னு தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

ரிட்டர்னா வர்ற பார்சலைப் பிரிக்கறப்ப வீடியோ எடுங்க. சும்மா இல்ல, ஒட்டின டேப் பிரியாம இருக்கறது, லேபிள்ல இருக்கற ட்ராக்கிங் நம்பர், பொருள் வெளிய வர்றது, சீரியல் நம்பர், இவ்வளவும் நடுவுல கட் ஆகாம ஒரே வீடியோவா இருக்கணும். வேற பொருளோ உடைஞ்ச பொருளோ வந்திருந்தா பணத்தைக் குடுக்கறதுக்கு முன்னாடி சைட்ல ரிப்போர்ட் பண்ணுங்க, குடுத்தப்புறம் சொன்னா பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது. எல்லாம் சரியா வந்திருந்தா அன்னிக்கே பணத்தைப் போட்டுடுங்க, இழுக்காதீங்க.

பணத்தைத் திருப்பறதும் எந்த வழியா வந்துச்சோ அதே வழியா, அதே ட்ரான்ஸாக்‌ஷன்ல இருக்கற ரீஃபண்ட் பட்டன் வழியாத்தான் போகணும். "அந்த அக்கவுண்ட் இப்ப இல்ல, இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க"ன்னு சொன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. காரணம் என்னன்னா நீங்க தனியா அனுப்பின காசு ரீஃபண்ட் கணக்குல வராது, அவர் அதை வாங்கிக்கிட்டு கார்டு பேங்க்ல சார்ஜ்பேக், அதாவது கார்டுல குடுத்த காசைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்ற புகார், போட்டா இன்னொரு தடவையும் போகும், பொருளும் போயிருக்கும். கூடுதலா பணம் அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கன்னு வர்றதும் இதே வித்தைதான், முதல்ல வந்த பணம் பொய்யான செக்காவோ திருட்டுக் கார்டாவோ இருக்கும், கொஞ்ச நாள்ல பேங்க் அதைத் திரும்ப எடுத்துக்கும், நீங்க அனுப்பின மிச்சம் மட்டும் நெசமான காசு.

பகுதிப் பணம் எப்பக் குடுக்கலாம்? ஃபோட்டோவைப் பார்த்து குறை உண்மைன்னு உங்களுக்கே தெரிஞ்சு, நீங்க லிஸ்டிங்ல அதைச் சொல்லாம விட்டிருந்து, அவரும் வச்சுக்க தயாரா இருந்தா தாராளமா குடுங்க, அது நியாயம். அது எவ்வளவுன்னு நீங்களே ஒரு தொகை சொல்லுங்க, "உங்களுக்கு எவ்வளவு வேணும்"னு கேட்காதீங்க, கேட்டா பேரம் ஆரம்பிச்சுடும். ஒத்துக்கிட்டா அதுவும் எழுத்துல இருக்கட்டும், இதோட இந்த விஷயம் முடிஞ்சுதுன்னு அவர் வாயாலயே ஒரு வரி வாங்கிக்கங்க. ஆனா மிரட்டலுக்காகக் குடுக்காதீங்க. குடுத்தா அந்த ரிவ்யூ வராதுன்னு என்ன நிச்சயம், காசு கைக்குப் போனப்புறம் அவரைத் தடுக்க உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல.

அந்த மிரட்டலைப் பத்தி. லிஸ்டிங்ல சொல்லாத ஒண்ணைக் குடு, இல்லன்னா மோசமான ஃபீட்பேக் போடுவேன்னு வாங்கறவர் கேட்கறதை ஈபே தன் விதியிலயே தடுத்து வச்சிருக்கு, வேற பெரிய சைட்டுலயும் இதே மாதிரி விதி உண்டு. அவர் அதை மெசேஜ்லயே எழுதிக் குடுத்திருக்கார்னா உங்களுக்கு ஆதாரம் கையிலயே இருக்கு. அவர்கிட்ட சட்டம் பேசாம, அந்த மெசேஜைக் காட்டி ரிப்போர்ட் மட்டும் பண்ணி வைங்க. நாளைக்கு அவர் ஒரு ஸ்டார் போட்டா அதை நீக்கச் சொல்லிக் கேட்க அந்த ரிப்போர்ட் உதவும்.

ஒரு ஸ்டாருக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம்னும் சொல்லத் தோணுது. முன்னாடி ஈபேல விக்கறவரும் வாங்கறவருக்கு நெகட்டிவ் போடலாம், 2008ல இருந்து அது கிடையாது, விக்கறவர் கை கட்டின மாதிரி ஆயிடுச்சுன்னு அப்ப நிறைய பேருக்கு வருத்தம், எனக்கும் அது நியாயமாப் படல. ஆனா ஆய்வாளர் பால் ரெஸ்னிக்கும் அவரோட சேர்ந்தவங்களும் 2006ல வெளியிட்ட ஒரு ஆய்வைப் பாருங்க. ஒரே மாதிரி பழைய போஸ்ட்கார்டுகளை ரொம்ப நாளா நல்ல பேர் எடுத்த ஒரு அக்கவுண்ட்லயும் புது அக்கவுண்ட்லயும் ஜோடி ஜோடியா ஈபேல வித்துப் பார்த்தாங்க, நல்ல பேர் இருந்த அக்கவுண்டுக்கு வாங்கறவங்க 8.1 சதவீதம் கூடுதலா குடுக்க தயாரா இருந்தாங்க. அதே ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, புதுசா விக்கறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு நெகட்டிவ் இருந்ததால வாங்கறவங்க குடுக்கற விலை குறையல. அதாவது பல வருஷமா சேர்த்த பேருக்கு மதிப்பு உண்டு, ஒரே ஒரு கெட்ட ரிவ்யூ வந்ததும் எல்லாம் போச்சுன்னு இல்ல. வந்துட்டா அதுக்குக் கீழ ரெண்டே வரி எழுதுங்க, "முழுப் பணத்தோட ரிட்டர்ன் எடுத்துக்கறேன்னு இந்தத் தேதியில சொன்னேன், வாங்கினவர் ஏத்துக்கல"ன்னு. அடுத்து வாங்க வர்றவர் அந்த ரிவ்யூவோட சேர்த்து உங்க பதிலையும் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவார், அங்க நீங்க பக்கம் பக்கமா விளக்கினா அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

பொருளே வரலன்னு சொல்ற ரகம் வேற. அதுல பேச்சுக்கு வேலையே இல்ல, ட்ராக்கிங்ல டெலிவரி ஆனதா காட்டுதா இல்லையா அவ்வளவுதான். விலை உயர்ந்த பொருள்னா கையெழுத்து வாங்கற டெலிவரி போடுங்க, ஈபேலயும், பேபால்ங்கற பேமெண்ட் கம்பெனியிலயும் 750 டாலர், அதுக்கு மேல போனா கையெழுத்து இருந்தாத்தான் விக்கறவருக்குப் பாதுகாப்பு. ஆர்டர்ல இருக்கற முகவரிக்கு மட்டும் அனுப்புங்க. "நான் ஊர்ல இல்ல, என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுங்க"ன்னு மெசேஜ் வந்தா நல்ல மனசோட அனுப்பிடாதீங்க, வேற முகவரிக்குப் போன பார்சலுக்கு பேபால்ல விக்கறவருக்கான பாதுகாப்பு போயிடும், அந்த ஆர்டரை கேன்சல் பண்ணி சரியான முகவரியோட திரும்ப வாங்கச் சொல்றதுதான் சரி. இன்னொண்ணு, விஷயம் ஒரு வாரத்துல முடிஞ்சுடும்னு நினைச்சு ரசீதையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க, பேபால்ல பணம் குடுத்த நாள்ல இருந்து 180 நாள் வரைக்கும் டிஸ்ப்யூட் திறக்கலாம், கார்டு சார்ஜ்பேக்குக்கும் மாசக்கணக்குல டைம் உண்டு. ஃபோட்டோ, அனுப்பின ரசீது, மெசேஜோட ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு அரை வருஷமாவது வச்சிருங்க.

அடுத்த தடவை விக்கறப்ப லிஸ்டிங்ல கொஞ்சம் கூடுதலா நேரம் செலவு பண்ணுங்க. "நல்ல கண்டிஷன்"னு எழுதறது உங்களுக்கு ஒண்ணு, வாங்கறவருக்கு இன்னொண்ணு. அதுக்குப் பதிலா "டார்ச் அடிச்சா உள்ள நாலஞ்சு தூசி தெரியும், ஃபங்கஸ் இல்ல, ஃபோகஸ் வளையம் சுலபமா சுத்துது, ஹூட் மாட்டற இடத்துல ஒரு கீறல் இருக்கு, மூணாவது ஃபோட்டோ பாருங்க"ன்னு எழுதினா பின்னாடி யார் வந்து என்ன சொன்னாலும் லிஸ்டிங்கே பதில் சொல்லிடும். குறையைக் கிட்டப் போய் ஃபோட்டோ எடுங்க, மறைக்காதீங்க, குறையைப் பார்த்துட்டே வாங்கறவர் அந்தக் குறைக்காகத் திருப்பி அனுப்ப மாட்டார். பார்சல் கட்டறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரோட ஒரு ஃபோட்டோ, கட்டினப்புறம் ஒண்ணு.

நிறைய கேள்வி கேட்கறவங்களைப் பார்த்து எரிச்சல்படறவங்க உண்டு, வாங்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு கேட்கறாரே வாங்கினா என்ன பாடு படுத்துவாரோன்னு. எனக்கு அப்படித் தோணல. பத்து கேள்வி கேட்டு வாங்கறவர் தான் என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கறார், அவர்கிட்ட இருந்து தகராறு வர்றது குறைவு. ஒண்ணுமே கேட்காம, பொருளோட பேரைக்கூட சொல்லாம "இன்னும் இருக்கா, சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன், சைட்டுக்கு வெளிய பணம் அனுப்பறேன், நீங்க நிஜமான ஆள்தானான்னு பார்க்க உங்க ஃபோனுக்கு ஒரு கோட் வரும் அதைச் சொல்லுங்க"ன்னு வர்றவங்களைத்தான் அங்கயே நிறுத்தணும். உங்க ஃபோனுக்கு வர்ற கோடை யாருக்கும் சொல்லாதீங்க, விக்கறதுக்கு அது எங்கயுமே தேவையில்ல.

உங்க விஷயத்துக்கு வர்றேன். அவர் ரிட்டர்ன் திறந்திருக்காரா இல்ல மெசேஜ் மட்டும் போட்டிருக்காரான்னு முதல்ல பாருங்க, திறந்திருந்தா அதுல காட்டற கடைசித் தேதியைக் குறிச்சு வச்சுக்கங்க. மேல எழுதின மெசேஜை இன்னிக்கே போடுங்க. ஃபோட்டோ வந்து அதுல தெரியறது தூசின்னா, ஃபங்கஸுக்கும் தூசிக்கும் வித்தியாசத்தை ரெண்டு வரியில பொறுமையா சொல்லிட்டு, அப்பவும் வேண்டாம்னா ரிட்டர்ன் எடுத்துக்கறேன்னு திரும்பச் சொல்லுங்க. நெசமாவே ஃபங்கஸ்னா எதுவும் வாதாடாம ரிட்டர்ன் லேபிள் அனுப்பிடுங்க. ரெண்டு நாளாகியும் ஃபோட்டோவே வரலன்னா இன்னொரு தடவை கேட்டு எழுதி வச்சுட்டு, கடைசித் தேதிக்கு முன்னாடியே ரிட்டர்னை ஒத்துக்கங்க. பிளாக் பண்றதா இருந்தா லென்ஸ் கைக்கு வந்து பணமும் போய் கேஸ் மூடினப்புறம் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.